கேஸ் போகவில்லை, கதவுதான் மூடவில்லை

சித்திரை வெயில் ஏறினால் ‘கூலிங் பத்தலை’ என்று கடிதம் வரும். ஐப்பசி மழை பிடித்தால் ‘உள்ளே ஒரே தண்ணீர்’ என்று வரும். எழுதுபவர்கள் இரண்டையும் வேறு வேறு கோளாறு என்று நினைக்கிறார்கள். கதவு வழியாக ஈரக்காற்று உள்ளே போகிறது, அது பனியாகிக் காயிலில் படிகிறது, படிந்த பனி குளிரை மறிக்கிறது. பாதி வீடுகளில் கதை இவ்வளவுதான். இந்த மாதக் கடிதங்களிலும் அதுதான் நிறைய.

எங்கள் வீட்டில் 6 வருடமாக ஓடும் டபுள் டோர் ஃப்ரிட்ஜ். மேலே ஐஸ்கிரீம் கல்லாக இருக்கிறது. கீழே ராத்திரி வைத்த பால் காலையில் காய்ச்சினால் திரிந்துவிடுகிறது. இட்லி மாவு உள்ளேயே பொங்கி மூடியைத் தள்ளுகிறது. இரண்டு குமிழையும் கடைசி எண்ணுக்குத் திருப்பி வைத்தும் பலன் இல்லை. வந்த மெக்கானிக் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கேஸ் போய்விட்டது, நாலாயிரம் ஆகும் என்கிறார். ஏற்றலாமா ஐயா?
— வாசகி, ஸ்ரீரங்கம்

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் முதலில் இளகுவதே ஐஸ்கிரீம்தான். அது கல்லாக நிற்கிறது என்றால் குளிர் உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கிறது. கீழே இறங்கி வரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் ஃப்ரிட்ஜில் கீழ் அறைக்கென்று தனியாகக் குளிர் கிடையாது. ஃப்ரீசரின் பின்சுவருக்குள்ளே ஒரே ஒரு கூலிங் காயில் இருக்கிறது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேன். காயிலைத் தொட்டு வரும் காற்றில் பெரும்பங்கை ஃபேன் ஃப்ரீசருக்குள் தள்ளும்; மிச்சம் ஒரு வழியாகக் கீழே இறங்கும். மாடி வீட்டுக்காரர் பிடித்தது போகத்தான் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் என்கிற கதை.

அதனால் முதலில் அந்தக் குமிழ்களைப் பாருங்கள். பல டபுள் டோர் மாடல்களில் ஒரு குமிழ்தான் கம்ப்ரஸரை ஆட்டுவிக்கும். மற்றது காற்றை மேலுக்கும் கீழுக்கும் பங்கு போடும் வெறும் கதவு. இரண்டையும் கடைசிக்குத் திருப்பினால் மேலே இருப்பவருக்கே எல்லாக் காற்றும் போய்விடும். கீழ் அறை இன்னும் சூடாகும். இரண்டையும் நடு எண்ணில் வையுங்கள். ஃப்ரீசரில் பின்சுவரை ஒட்டி அடுக்கிய பட்டாணிப் பாக்கெட்டையும் மீனையும் நாலு விரற்கடை முன்னே இழுங்கள். கீழ் அறையில் மேல்தட்டுக்குப் பின்னால் காற்று வரும் துவாரங்கள் இருக்கும். அங்கே மாவுத் தூக்கை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறீர்களா பாருங்கள். நான் போன வீடுகளில் பாதிக்கு அந்தத் தூக்கை நகர்த்தியதே வைத்தியம். அதற்குக் காசு கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

ஒரு நாள் பொறுத்துச் சோதியுங்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அதற்குள் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு, இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸ் காட்டினால் ஃப்ரிட்ஜுக்கு ஒரு குறையும் இல்லை. 8, 10 என்று காட்டினால் பால் திரிவதில் ஆச்சரியம் இல்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. ஒருவர் அதை வைத்துவிட்டு ‘ஒன்றுமே காட்டவில்லை’ என்று எனக்கு ஃபோன் செய்தார். வண்ணமீன் விற்கும் கடையில் தொட்டிக்குள் ஒட்டும் தெர்மாமீட்டர் மலிவாகக் கிடைக்கும், அது போதும். காற்றில் தொங்கவிடாமல் தண்ணீரில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கதவைத் திறந்த நொடியே காற்றின் சூடு மாறிவிடும். தண்ணீர் அப்படிச் சட்டென்று மாறாது.

எல்லாம் செய்தும் கீழே சூடுதான் என்றால், காது கொடுங்கள். ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் பல மாடல்களில் ஃபேன் நின்றுவிடும். கதவு ஓரத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்சை விரலால் அமுக்கிப் பிடித்தால் மறுபடி சுற்றும். ‘உய்ய்ய்’ என்று காற்றுச் சத்தம் வர வேண்டும். கம்ப்ரஸர் ஓடும் நேரத்தில் அமுக்கிப் பிடித்தும் சத்தமே இல்லை என்றால் ஃபேன் மோட்டார் போயிருக்கலாம். ‘கறகற’ என்று வந்தால் ஃபேன் இறக்கை பனியில் உரசுகிறது.

பனிதான் என்றால் கவனியுங்கள், விஷயமே இங்கேதான். சில வருடங்களுக்கு முன் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு வீடு. இதே புகார். ஃப்ரீசரின் பின்தகட்டை நாலு ஸ்க்ரூ கழற்றி இழுத்தேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் அசைத்து எடுத்தபோது உள்ளே காயிலே தெரியவில்லை. துருவிய தேங்காயைக் குழிக்கரண்டியால் அமுக்கி வைத்த மாதிரி, மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று பனி. காற்று நுழைய ஊசி முனை இடம் இல்லை. ஃபேன் பாவம், சுவரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அதற்கு முன் இரண்டு தடவை கேஸ் ஏற்றியிருக்கிறார்கள்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று பெயர் வைத்திருப்பதால் பனியே பிடிக்காது என்று அர்த்தம் இல்லை. பனி பிடிக்கும், பிடித்ததை அதுவே உருக்கிக்கொள்ளும். டைமர் வைத்த மாடலில் கம்ப்ரஸர் 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும் கூலிங் நின்று, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் சூடாகிப் பனியை உருக்கும். புது மாடல்களில் இதையே சென்சாரும் போர்டும் பார்த்துக்கொள்கின்றன. அந்த ஹீட்டரோ, டைமரோ, சென்சாரோ, ஹீட்டருக்குக் காவலாக இருக்கும் ஃபியூஸோ போய்விட்டால் பனி உருகாமல் நாளுக்கு நாள் தடிக்கும்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். சாமான்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ப்ளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து, கீழே பழைய துண்டு விரித்து, முழுசாக 24 மணி நேரம் விடுங்கள். முன்னால் ஒரு டேபிள் ஃபேன் ஓடினால் நல்லது. பிறகு போட்டால் ஃப்ரிட்ஜ் புதிதுபோல் வேலை செய்யும். அது வாரமோ பத்து நாளோ நன்றாக ஓடி மறுபடி கீழ் அறை சூடானால், சந்தேகமே வேண்டாம், பனி உருக்கும் பாகத்தில்தான் கோளாறு. மெக்கானிக்கைக் கூப்பிட்டு ‘கூலிங் இல்லை’ என்று சொல்லாதீர்கள். ‘24 மணி நேரம் அணைத்து வைத்தேன், பத்து நாள் நன்றாக ஓடியது, மறுபடி போய்விட்டது, ஹீட்டர் லைனைப் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். கேஸ் பேச்சே எழாது.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரில் ஐஸ் மலைபோல் ஏறி மீன் வைக்க இடமில்லை. இவ்வளவு ஐஸ் இருந்தும் கீழே குளிர் குறைவு, அது எப்படி? கத்தியால் மெதுவாகப் பெயர்த்து எடுக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

கத்தியைக் கீழே வையுங்கள் அண்ணாச்சி, முதலில்.

சிங்கிள் டோரில் அந்த ஃப்ரீசர் பெட்டியின் சுவர்தான் கூலிங் காயில். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் கேஸ் ஓடும் பாதை. நீங்கள் ஐஸைக் குத்துகிறீர்கள், கத்தி வழுக்குகிறது, ‘புஸ்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பத்து ரூபாய் ஐஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவு. நான் கேஸ் ஏற்றிய சிங்கிள் டோர்களில் பெரும்பாலானவற்றின் காயிலில் கத்தித் தடம் இருந்தது. கேட்டால் ஒரு வீட்டில்கூட யாரும் குத்தியிருக்க மாட்டார்கள். மாமியார் மருமகளைப் பார்ப்பார், மருமகள் பிள்ளையைப் பார்ப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது வரும் ஃப்ரிட்ஜ் பலவற்றில் இருப்பது ஆர் 600ஏ என்கிற ஐசோபியூட்டேன். நம் சமையல் கேஸின் உறவுக்காரன், தீப்பிடிக்கக்கூடியது. அளவு கொஞ்சம்தான். ஆனால் சமையல் சிலிண்டரைப் போல வாடை காட்டிக்கொடுக்காது. ‘புஸ்’ சத்தம் கேட்டுவிட்டால் எரியும் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அந்த அறையில் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து மெயினை அணையுங்கள்.

ஐஸ் ஏறினால் குளிர் ஏன் குறைகிறது என்பது நல்ல கேள்வி. காயிலுக்கும் உங்கள் பாலுக்கும் நடுவே அந்த ஐஸ் கம்பளிபோல் நிற்கிறது. அலுமினியம் சூட்டைக் கடத்துகிற வேகத்தில் நூறில் ஒரு பங்குகூட ஐஸுக்குக் கிடையாது. பூம்பனியாக இருந்தால், நடுநடுவே காற்று வேறு சிக்கியிருப்பதால், இன்னும் மோசம். அரை விரல் தடிமன் ஏறுமுன் உருக்கிவிட வேண்டும். தெர்மோஸ்டாட் குமிழுக்கு நடுவில் ஒரு பட்டன் இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. ராத்திரி படுக்கும்முன் ஃப்ரீசரைக் காலி செய்து அதை அமுக்குங்கள். கம்ப்ரஸர் நிற்கும், பனி உருகி அடித்தட்டில் இறங்கும், உருகி முடிந்ததும் பட்டன் தானாக வெளியே வந்து கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும். அவசரம் என்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்து ஃப்ரீசர் கதவைச் சாத்துங்கள். அரை மணியில் பாளம் பாளமாகக் கையோடு வரும்.

ஆனால் அடிக்கடி மலை ஏறுகிறது என்றால் ஐஸோடு சண்டை போட்டு என்ன? ஈரம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்த கடிதம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மழைக்காலம் வந்தாலே ஃப்ரிட்ஜ் வெளியே வியர்க்கிறது. உள்ளே கண்ணாடித் தட்டில் நீர்த்துளி. கொத்தமல்லி இரண்டு நாளில் அழுகுகிறது, மல்லிகைப் பூ கறுக்கிறது. ஃப்ரிட்ஜ் பழையதாகிவிட்டதா?
— வாசகி, வேளச்சேரி

பானைத் தண்ணீரைச் செம்பில் மொண்டால் செம்பு வெளியே வியர்க்குமே, அதேதான். அக்டோபர், நவம்பரில் சென்னைக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கதவு முகப்பு முழுக்கச் சீராக மெலிதாக வியர்த்தால் துணியால் துடைத்துவிட்டுப் போங்கள்.

ஆனால் கதவு ஓரத்தில் மட்டும், ரப்பரை ஒட்டி ஒரு கோடாக ஈரம் கட்டினால் அந்த இடத்தில் குளிர் வெளியே வருகிறது. கூடவே ஈரக்காற்று உள்ளே போகிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் பாதி வெளியே தெரிய வைத்து மூடி, மெல்ல இழுங்கள். பிடிக்க வேண்டும். லொடக்கென்று வந்தால் ரப்பர் அந்த இடத்தில் ஒட்டவில்லை. நாலு பக்கமும், முக்கியமாகக் கீழ் மூலையிலும் கீல் பக்கத்திலும் பாருங்கள். அந்த இரண்டு இடத்தையும் யாரும் துடைப்பதே இல்லை.

ரப்பர் போய்விட்டது என்று உடனே மாற்றக் கிளம்பாதீர்கள். அதன் மடிப்புக்குள் பழைய பல்துலக்கும் பிரஷை விட்டுப் பாருங்கள்: காய்ந்த மாவு, ஊறுகாய் எண்ணெய், ஒரு பருக்கை. சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்தாலே பல ரப்பர்கள் பிழைத்துக்கொள்ளும். வளைந்து போன இடத்தில் முடி உலர்த்தும் கருவியால் கொஞ்சம் சூடு காட்டி, விரலால் நீவி, கதவை மூடி வையுங்கள். ரப்பருக்குள் காந்தப் பட்டை இருக்கிறது, அதுவே இழுத்து உட்காரவைக்கும். விரிந்து கிழிந்திருந்தால் மட்டும் புதிது. கதவின் சட்டம் லேசாகச் சுடுகிறதே என்று பயப்படவும் வேண்டாம். வியர்க்காமல் இருக்க அங்கே வேண்டுமென்றே சூட்டுக் குழாயை ஓடவிட்டிருக்கிறார்கள்.

ஃப்ரிட்ஜின் முன்கால்களைத் திருகி முன்பக்கத்தை ஓர் இழை உயர்த்துங்கள். கதவைப் பாதி திறந்து விட்டால் தானாக வந்து சாத்திக்கொள்ள வேண்டும். சமையலறையில் இரண்டு கையிலும் பாத்திரத்தோடு திரும்புகிறவருக்கு இது பெரிய உதவி.

உள்ளே இருக்கும் துளிகளுக்கு நாமும் பொறுப்பு. மூடாத ரசம், ஆவி அடங்காத சாதம், கழுவிய கையோடு அப்படியே உள்ளே போகும் கீரை, அடி ஈரமான பாத்திரம்: ஒவ்வொன்றும் தண்ணீரை ஊதிக்கொண்டே இருக்கிறது. குழம்பு அறைச் சூட்டுக்கு வந்ததும் மூடி வையுங்கள். அதற்காக மதியக் குழம்பை இரவு வரை வெளியே போட்டுவிடாதீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். கொத்தமல்லியை வேர் நறுக்கி, கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் போட்டால் ஒரு வாரம் தாங்கும். பூவுக்கும் ஈரத்துணி வேண்டாம். எவர்சில்வர் டப்பாவில் வாழை இலை விரித்து வைத்துப் பாருங்கள்.

காய்கறி டிரேக்கு அடியில் தினமும் ஒரு குவளைத் தண்ணீர். துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது.
— வாசகர், திண்டுக்கல்

வடிகால் அடைப்பு. உருகும் பனி ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பின்பக்கம் இறங்கி, கம்ப்ரஸர் மேல் இருக்கும் தட்டில் விழுந்து, கம்ப்ரஸர் சூட்டிலேயே ஆவியாகும். ஓட்டை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். பின்சுவரின் அடியில் காயிலிலிருந்து வரும் வாய்க்கால் தெரிந்தால், அதன் நடுவில் ஓட்டை இருக்கும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துப் பீய்ச்சுங்கள், இரண்டு மூன்று தடவை. இரும்புக் கம்பி விடாதீர்கள், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் குழாய். நான் எடுத்த அடைப்புகளில் முதல் பரிசு கறிவேப்பிலைக் காம்புக்கு. அடுத்தது சோற்றுப் பருக்கை. ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் ஓட்டை ஃப்ரீசர் தகட்டுக்குப் பின்னால் இருக்கும். அங்கே ஐஸ் கட்டியே அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலே சொன்ன 24 மணி நேர வைத்தியம்.

அந்தப் பின்தட்டையும் மாதம் ஒரு தரம் கழுவுங்கள். டெங்கு காலத்தில் வீடு வீடாக வருகிற பணியாளர்கள் டார்ச் அடித்து முதலில் பார்ப்பது அதைத்தான். காரணம் இல்லாமல் இல்லை. வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீர், ஏடிஸ் கொசுவுக்கு மாமியார் வீடு.

புது ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கமும் கை வைக்க முடியாமல் சுடுகிறது அண்ணா. வெடிக்குமா?
— வாசகர், ஒசூர்

வெடிக்காது தம்பி. முன்பெல்லாம் முதுகில் கறுப்புக் கம்பி வலையாக இருந்ததை இப்போது பக்கச் சுவருக்குள் மறைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்து எடுத்த சூட்டை அங்கேதான் கொட்டும். சுடவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். அந்தச் சந்தில் மளிகைக் கடைப் பைகளைச் செருகாதீர்கள், மேலே தொங்கும் பூப்போட்ட கவரைக் கழற்றிவிடுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பின்னால் ‘டிக்’ என்கிறது, கொஞ்சம் உறுமுகிறது, மறுபடி ‘டிக்’. உள்ளே விளக்கு எரிகிறது, குளிர் இல்லை.
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

உடனே அணையுங்கள். கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியவில்லை, சூடாகி ஓவர்லோடு வெட்டுகிறது. ஆறியதும் மறுபடி முயற்சி. இப்படியே ஒரு நாள் விட்டால் கம்ப்ரஸரே எரியலாம். சாயங்காலம் மட்டும் இப்படி என்றால் லைனில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 170 வந்தால் அது என்ன செய்யும்? எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடு சேர்த்துச் செருகியிருந்தால் தனி ப்ளக்குக்கு மாற்றுங்கள். வோல்டேஜ் சரி என்றால் ரிலே, ஓவர்லோடு இரண்டையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான்கள். அதைப் பார்க்காமல் கம்ப்ரஸர் மாற்றச் சொல்பவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம். கரன்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்துப் போடும் பழக்கமும் வேண்டும். குழாயில் அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அப்படியானால் கேஸ் என்பது போகவே போகாதா? எங்கள் ஃப்ரிட்ஜுக்கு மூன்று வருடத்தில் மூன்று முறை ஏற்றிவிட்டோம்.
— வாசகர், காரைக்குடி

போகும். ஆனால் பெட்ரோல்போல் ஓடி ஓடித் தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது, 20 வருடமானாலும் அப்படியே இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ ஓட்டை. மூன்று முறை ஏற்றினார்கள் என்றால் மூன்று முறையும் ஓட்டையைப் பார்க்கவில்லை.

நிஜமாகவே கேஸ் குறைந்ததற்கு அடையாளம் உண்டு. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், பக்கச் சுவரும் பின்வலையும் சுடாமல் குளிர்ந்தே இருக்கும், காயிலில் ஆரம்ப முனையில் மட்டும் ஒரு சாண் பனி பிடித்து மீதி வெறுமையாக இருக்கும். ஃப்ரீசர் தகட்டைக் கழற்றி அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பேசலாம்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். ஒரு சின்னச் செம்புக் குழல் இருக்கும், ஃபில்டர். அதைப் புதிதாக மாற்ற வேண்டும். பிறகு வேக்கும் பம்ப் போட்டு அரை மணிக்குக் குறையாமல் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அதன்பிறகுதான் கேஸ், அதுவும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை. ஆர் 600ஏ என்றால் பல வீட்டு ஃப்ரிட்ஜுக்கு நூறு கிராமுக்கும் குறைவு. பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் கெடும். கையால் தொட்டுப் பார்த்து நிறுத்துகிற வேலை இல்லை. கேஸ் கேனைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தராசு வண்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பி வருகிறாரா பாருங்கள்.